சிவப்பு நூல் கட்டிய குழாய்

அஸ்மா: என்னண்ணே இது, நடுக் கடல்ல நிறுத்திட்டீக? ஏறுன பாம்பூஃப்ளாட் கரையும் தெரியுது, இறங்கற சாத்தம் கரையும் தெரியுது, ரெண்டுமே எட்டல.

பன்னீர்செல்வம்: நான் எங்கம்மா நிறுத்துனேன், இஞ்சின் நின்னுச்சு. தோடா டைம், கொஞ்ச நேரம் குடுங்க. போட்டு ஓட்டறவன் நான் பயப்படல, நீங்க ஏன் பயப்படறீங்க.

அஸ்மா: எனக்கென்ன பயம். அக்கா மெட்ராஸ் கப்பலைப் பிடிக்கணும். அதை விட்டா அப்புறம் அமெரிக்காவும் போச்சு.

பன்னீர்செல்வம்: கப்பல் சாயங்காலம்தானே. நான் கீழ இறங்கிப் பாக்கறேன். ரெண்டு பேரும் பேசிட்டிருங்க.

மங்கையர்க்கரசி: விடு அஸ்மா. நல்லாத்தான் இருக்கு. இந்தச் சத்தம் இல்லாம இந்தக் கடலை நான் பாத்ததே இல்ல.

அஸ்மா: மழை மூட்டம். மலை பாதி காணோம்.

மங்கையர்க்கரசி: மர மில்லுக்குப் போற மரம் அப்படியே மிதக்குது பாரு. நாமளும் அதுங்களோட மிதந்து போயிட்டா எப்படியிருக்கும்...

அஸ்மா: நல்லாத்தான் இருக்கும். அறுத்துப் பலகையாக்கிடுவாக.

மங்கையர்க்கரசி: சரி, வீட்டுலேர்ந்து ஏதோ சொல்ல வர்ற. "அக்கா, ஒரு விஷயம்"ங்கற, அப்புறம் வெத்தலையை மெல்லற. என்ன அது?

அஸ்மா: ஒண்ணுமில்ல... நேரு இறந்த வருஷம் வந்தீக. ரெண்டு வருஷம் ஒரே வூட்டுல இருந்துட்டோம். மனசு ஒரு மாதிரி இருக்கு.

மங்கையர்க்கரசி: அது மட்டுந்தானா?

அஸ்மா: அது மட்டுந்தான்.

மங்கையர்க்கரசி: நேத்து ஒரு கனா கண்டேன். சொல்லட்டுமா?

அஸ்மா: சொல்லுங்க. வேற வேலை என்ன இருக்கு.

மங்கையர்க்கரசி: விடியக்காலம். உன் வீட்டு முன் ரூம்ல ரத்தம் எடுக்கறேன். வங்காளி, தெலுங்கு, நம்மாளுங்க, எல்லாரும் வரிசையா நிக்கறாங்க. ஊசியைப் போட்டு இழுக்கறேன்... ரத்தம் வரல. தேங்காப்பால் வருது.

அஸ்மா: தேங்காப்பாலா?

மங்கையர்க்கரசி: ஏன், வெத்தலை தொண்டையில மாட்டிடுச்சா?

அஸ்மா: இல்ல இல்ல... மேல சொல்லுங்க.

மங்கையர்க்கரசி: யாரும் பயப்படல. சிரிச்சிட்டே கையை நீட்டறாங்க. வரிசையில கடைசியா எங்கப்பா. வேட்டியெல்லாம் ஈரம், கடல்லேர்ந்து வந்த மாதிரி. அவருக்கு மட்டும் ரத்தம் சிவப்பா வந்துச்சு. "என்னப்பா, உனக்கு மட்டும்"னு கேட்டேன். அவர் என் கையைப் பிடிச்சுப் பாத்தார்.

அஸ்மா: எத்தனை வயசுல போனாக அவுக?

மங்கையர்க்கரசி: முப்பத்தொம்பது. சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தார். தேங்காதான் கொன்னுடுச்சுன்னு யாரோ சொன்னாங்க. எங்கம்மா அன்னிக்கே தேங்காத் துருவியைத் தூக்கிக் கிணத்துல போட்டா. அன்னியிலேர்ந்து எங்க வீட்டுல சட்னிக்குக்கூடத் தேங்கா கிடையாது. தலைக்கு நல்லெண்ணெய்.

அஸ்மா: அதான் எங்க வூட்டுல தேங்கா அரைச்சு ஊத்துன மீனாணத்தைக்கூட மோந்து பாத்துட்டு வச்சிடுவீக. ரசமும் அப்பளமும் தின்னே ரெண்டு வருஷம்.

மங்கையர்க்கரசி: தேங்கா மனுஷனைக் கொல்லுமா, கொல்லாதா... அதைத் தெரிஞ்சுக்கத்தான் படிச்சேன். கொலஸ்ட்ரால்னு சொன்னா எங்க ஆபீஸ்ல ஆம்பளைங்க சிரிப்பாங்க, பொம்பளைக்கு அடுப்படி ஆராய்ச்சின்னு. தேங்காயிலயே வாழற ஊர் எதுன்னு தேடித்தான் இங்க வந்தேன்.

அஸ்மா: வந்து பெரிசாக் கண்டுபிடிச்சீகளே. அமெரிக்காவுக்கே கூப்பிட்டுட்டாகளே.

மங்கையர்க்கரசி: என்ன கண்டுபிடிச்சேன், சொல்லு பாப்போம்.

அஸ்மா: எனக்கென்ன தெரியும்...

மங்கையர்க்கரசி: ரத்தத்தை மெஷின்ல சுத்த விட்டா மேல தண்ணி மாதிரி தெளிஞ்சு நிக்கும். ராத்திரி பூரா பட்டினி கிடந்தவங்களுக்கு அது கண்ணாடி மாதிரி இருக்கணும். உங்க ஊர்ல எல்லாருக்கும் பால் மாதிரி நின்னுச்சு. இந்தத் தீவு ஜனங்களுக்கு மட்டும் கொழுப்பு ரத்தத்துலயே தங்குதுன்னு எழுதி அனுப்பினேன். உலகத்துல யாரும் பாக்காததுன்னு அங்க ஒரே கொண்டாட்டம்.

அஸ்மா: அக்கா...

மங்கையர்க்கரசி: ம்.

அஸ்மா: அந்தப் பால்... அது என் பால்.

மங்கையர்க்கரசி: புரியற மாதிரி சொல்லு.

அஸ்மா: மொத நாள் மில்லுக்காரர் கோவிந்தராஜ் மயங்கி விழுந்தாரே, ஞாபகம் இருக்கா? பொண்டாட்டி ஜெயலட்சுமி என்னைப் பாத்த பார்வை... எங்க வூட்டு வாசப்படி மிதிச்சவக பட்டினியா வந்து ரத்தத்தையும் குடுத்துட்டுப் போறதா? எங்க உம்மா கேட்டா என்னை உரிச்சிடும். மறுநாள்லேர்ந்து வர்றவகளை, நீங்க எழுந்திரிக்கறதுக்கு ரொம்ப முன்னாலயே, பின்பக்கமா அடுப்படிக்குக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி. வெந்தயம், பூண்டு, கெட்டித் தேங்காப்பால் ஊத்தி.

மங்கையர்க்கரசி: உன் வீட்டுக்காரர் உதுமான் பாய்க்குத் தெரியுமா?

அஸ்மா: கடையிலேர்ந்து தேங்கா எடுத்துக் குடுத்ததே அவுகதான். "அந்தம்மாகிட்ட சொல்லாத, காலி பேட், வெறும் வயித்தோட வரணும்னு சொல்லியிருக்காங்க, கோவப்படுவாங்க"ன்னும் சொன்னாக.

மங்கையர்க்கரசி: அதுக்கப்புறம் ஒருத்தர்கூட மயங்கல. என் கை பழகிடுச்சுன்னு நினைச்சுப் பெருமைப்பட்டேன் நான்.

அஸ்மா: ஒரு வாய்க் கஞ்சி இத்தனை தூரம் போகும்னு எனக்குத் தெரியாதுக்கா. ரத்தம் ரத்தம்தானே, கஞ்சி வயித்துலதானே கிடக்கும்னு நினைச்சேன். பெட்டியைக் கட்டினப்பதான் பயம் வந்துச்சு. அங்க போயி நாலு பேர் முன்னால நீங்க தலை குனிஞ்சு நின்னா... திட்டிடுங்க. இப்படிச் சிரிக்காதீக.

மங்கையர்க்கரசி: போன வாரம் கோவிந்தராஜ் கையில ஊசி போடக் குனிஞ்சேன். வாயில வெந்தய வாசனை.

அஸ்மா: அப்ப ஒரு வாரமாத் தெரியுமா?

மங்கையர்க்கரசி: நீயா சொல்றியான்னு பாத்தேன்.

அஸ்மா: அல்லாவே. நான் ஒரு வாரமாத் தூங்கல.

மங்கையர்க்கரசி: நான் மட்டும் தூங்கினேனா. வாயை மூடிட்டு அமெரிக்கா போயிடலாம். யாருக்கும் தெரியாது. ரெண்டு நாள் அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன், ஆமா. பட்டுப்புடவைகூட எடுத்து வச்சேன்.

பன்னீர்செல்வம்: அம்மா, இன்னும் கொஞ்சம்தான். பெட்டியெல்லாம் முன்னால எடுத்து வச்சுக்கங்க, இறங்கறப்ப நெரிசலாயிடும்.

அஸ்மா: அக்கா, உங்க டிரங்குப் பெட்டி எங்க?

மங்கையர்க்கரசி: உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில.

அஸ்மா: யா அல்லா, விட்டுட்டா வந்தீக? அண்ணே, போட்டைத் திருப்புங்க...

பன்னீர்செல்வம்: எதைத் திருப்பறது, ஓடினாத்தானே திருப்ப.

மங்கையர்க்கரசி: உக்காரு. விட்டுட்டு வரல, வச்சிட்டு வந்தேன். கப்பல் ஆபீஸ்ல டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்கப் போறேன். தந்தியும் குடுக்கணும். நான் எழுதினது தப்புன்னு.

அஸ்மா: அப்ப நான் யாரை வழியனுப்ப வந்தேன்?

மங்கையர்க்கரசி: அமெரிக்காவை. எனக்குப் பதிலா இராமகிருஷ்ணன் போவார். என் பக்கத்து மேஜைக்காரர். ஊசியைப் பாத்தாலே அவருக்கு வேர்க்கும்.

அஸ்மா: என்னாலதானே... உங்க உழைப்பெல்லாம் என் பானையில போச்சு.

மங்கையர்க்கரசி: எல்லாம் போகல. ஒரே ஒரு குழாய் ரத்தம் மட்டும் தெளிவா நின்னுச்சு. நீ நூல் கட்டிக் குடுத்தியே... ஆம்பளைக்கு நீலம், பொம்பளைக்குப் பச்சை...

அஸ்மா: சிவப்பு ஒண்ணு கேட்டீக. யாருக்குன்னு கேட்டதுக்குச் சும்மான்னீக.

மங்கையர்க்கரசி: அந்தச் சிவப்பு நூல்தான். பாக்க ஊத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு. ஆனா அளந்து பாத்தா உங்க எல்லாரோடதையும்விட ரெண்டு மடங்கு கொலஸ்ட்ரால். மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் அதே.

அஸ்மா: கெட்டதா?

மங்கையர்க்கரசி: அந்த அளவு ரொம்பக் கெட்டது. அப்பன்கிட்டேர்ந்து பிள்ளைக்கு வர்றதுன்னு இப்ப சொல்றாங்க. எதைத் தின்னாலும் தின்னாட்டியும் வரும்.

அஸ்மா: பாவம். எந்த வூட்டு ஆளுக்கா? என் கஞ்சி குடிக்காம யாரு அந்த ஊசிக்குக் கை நீட்டுனது? நான் ஒருத்தரையும் விடலையே... அக்கா... ஏன் கையைப் பிடிக்கறீக?

பன்னீர்செல்வம்: ஸ்டார்ட் ஆயிடுச்சு. சலோ சலோ, சாத்தம்.

அஸ்மா: இருங்கண்ணே... அக்கா, நீங்க சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு. அந்தச் சிவப்பு நூல் யாரு?

மங்கையர்க்கரசி: எனக்கும் பயமாத்தான் இருக்கு அஸ்மா. அப்பா போன வயசுக்கு எனக்கு இன்னும் மூணு வருஷம்தான். அதுக்குள்ள உங்க எல்லார் ரத்தத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து எடுத்தாகணும். நாளையிலேர்ந்து ஊசி முன்னால, கஞ்சி பின்னால. எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை, தேங்காப்பால் நிறைய ஊத்தி.