டர்னிப் வேகும் வாசம்

வத்தலக்குண்டு பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் காய்கறிப் பை.

“எங்க வீட்டுக்காரரு செத்த பெறகுதான்க்கா டர்னிப் வாங்குறேன்,” என்றாள்.

மூத்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “என்ன பேச்சுடி இது?”

“அது வேகுற வாசமே அவருக்கு ஆகாது. எனக்கோ அதுன்னா உசுரு. இருவது வருசமா வாங்கவே இல்ல. அவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாளு, தேங்கா அரைச்சு ஊத்திக் கொழம்பு வச்சேன்.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

பஸ் செம்பட்டியைத் தாண்டியது. பிறகு இளையவளே தணிந்த குரலில் சொன்னாள்.

“கொழம்பு கொதிக்கையில, வாசம் உள்ள போயிரக் கூடாதேன்னு ஓடிப்போயி அவரு படுக்குற ரூம்புக் கதவைச் சாத்திட்டேங்க்கா.”