கட்டைவிரல் மறைத்த வரி

புதிதாக வரும் ஒரு கார்டை எடைபோடும்போது முதலில் அதன் படத்தைப் பார்க்கக் கூடாது ஐயா. பெரும்பாலானவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். நெருப்புக் கக்கும் பறவையைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிடுவார்கள். நான் எழுத்தை மட்டும்தான் பார்ப்பேன். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்குமே, வாங்குகிறவர்கள் பிரிக்காமலே தூக்கிப் போடும் தாள், அதில் பிழை பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பதினான்கு வருடமாகிறது.

விளையாட்டு எளிதுதான். ஆளுக்கு அறுபது கார்டு, இருபது உயிர். கார்டுகளில் சில, நமக்காகச் சண்டை போடும் வீரர்கள். எவருடைய இருபது முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். மூன்று மாதத்துக்கொரு முறை புதுக் கார்டுகள் வரும். அவற்றில் எது எந்தப் பழைய கார்டோடு ஒட்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த ஜோடிக்குக் காம்போ என்று பெயர். சரியான காம்போ அமைந்துவிட்டால் எதிராளி எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு, இன்னும் விற்பனைக்கு வராத ஒரு கார்டின் படம் கைபேசியில் வந்தது. பெயர் ‘சாம்பல் காவலாளி’. உங்கள் வீரர் இறந்தால் அவரை உடனே எழுப்பலாம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, கார்டைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல். அந்த இடத்தில் வழக்கமாக அழகுக்கு ஒரு வசனம் அச்சடிப்பார்கள். அதனால் நான் அலட்டிக்கொள்ளவில்லை. எனக்கு உடனே ‘குருட்டுத் தச்சன்’ நினைவுக்கு வந்தது. ஆறு வருடமாக எவரும் சீண்டாத கார்டு. ஒரு வீரரைப் பலி கொடுத்தால் எதிராளிக்கு ஓர் உயிர் போகும், அவ்வளவுதான். ஆனால் பலியான வீரரை எழுப்ப முடியுமானால்? பலி, எழுப்பு, பலி, எழுப்பு. இருபது தடவை. எதிராளி சட்டைக் கையை மடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அன்று வேலையில் ‘காலை ஒரு மாத்திரை’ என்பது ‘காளை ஒரு மாத்திரை’ என்று இருந்ததைக் கோட்டை விட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சகலையிடம் சொன்னேன். அவர் மனைவி என் மனைவிக்கு அக்கா. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எங்களைச் சேர்த்துவைத்ததே இந்த ஆட்டம்தான். நல்ல மனிதர் ஐயா. அவரிடம் இருந்த குறையே அதுதான்.

“பிரமாதம் சகலை. எப்படித்தான் உங்க மூளைக்கு இதெல்லாம் தட்டுப்படுதோ. எல்லார்கிட்டயும் சொல்லிடலாமே. புதுசா ஆட வர்றவங்க நாலு பேரு ஜெயிக்கட்டும்.”

“போட்டி முடியட்டும் சகலை.”

“மூடி வெச்சு என்ன பண்ணப் போறோம்? சனிக்கிழமை காலையில ஹால்ல எல்லாரும் இருப்பாங்க, அங்கேயே சொல்லிடறேன். உங்க பேரைச் சொல்லித்தான் சொல்வேன், கவலைப்படாதீங்க.”

என் பெயரைச் சொல்வாராம். ஊருக்கே தெரிந்துவிட்ட காம்போவில் கண்டுபிடித்தவன் பெயரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா முடியும்? சண்டை போட்டிருக்கலாம். ஆனால் எனக்குச் சண்டை பிடிக்காது. குடும்பத்தில் மனஸ்தாபம் வரும், அக்கா தங்கை இருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். யாருக்கும் மனம் நோகாத ஒரு வழியைத்தான் நான் தேடினேன்.

சனிக்கிழமை காலை அவருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. இன்னும் திறக்காத ஓர் அலுவலகக் கட்டடம். எட்டு மாடி, ஆள் நடமாட்டம் இல்லை. லிஃப்டின் அபாய மணிக்கு பேட்டரி பொருத்த வேண்டும். அதை முடித்துவிட்டு அவர் ஸ்கூட்டரில் இருவரும் போட்டிக்குப் போவதாக ஏற்பாடு. வழியில் கடையில் நிறுத்தி, அன்றுதான் விற்பனைக்கு வந்த ‘சாம்பல் காவலாளி’ கார்டில் தனக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் வாங்கினார். என்னுடையதை உறையோடு என் கையில் கொடுத்தார். நான் அதை அப்படியே என் அறுபதுக்குள் செருகிக்கொண்டேன். மனப்பாடமாகத் தெரிந்ததை எவரும் திரும்பப் படிப்பதில்லை ஐயா.

“பத்தே நிமிஷம் சகலை” என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினார். நான் தரைத்தளத்து அறையில் இருந்த சிவப்பு சுவிட்சைக் கீழே இறக்கினேன். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. நடுவில் நின்றால் எதிரே சுவர்தான் இருக்கும், கூரைக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும், உள்ளே போன் எடுக்காது என்பதையெல்லாம் அவரேதான் முன்பு எனக்குச் சொல்லியிருந்தார். அவருக்குத் தன் தொழிலைப் பற்றிப் பேசப் பிடிக்கும்.

மரியாதைக்கு நான்கு மாடி ஏறிப் போய்க் குரல் கொடுத்தேன்.

“கரண்ட் போயிடுச்சு போல சகலை” என்றார் உள்ளிருந்து. “கீழே சிவப்பு சுவிட்ச் இருக்கு பாருங்க. அதை மேலே தள்ளினா போதும்.”

“சரி சகலை.”

“அப்புறம், ஸ்கூட்டர் பெட்டியில என் நெஞ்சு மாத்திரை இருக்கு. அதையும் எடுத்து வெச்சுக்கங்க. காலையில போட மறந்துட்டேன்.”

அந்த மாத்திரையின் தாளைப் பிழை பார்த்தவன் நான்தான். ‘ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகச் சாப்பிட வேண்டாம்’ என்று அதில் இருக்கிறது. தவறுவதைப் பற்றி அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நான் படியில் பாதி இறங்கியபோது அவர் திரும்பவும் கூப்பிட்டார்.

“சகலை, அந்தக் கார்டுல கடைசி வரியைப் பாத்தீங்களா? இப்பத்தான் போன் வெளிச்சத்துல படிச்சேன். அதை நம்பி ஆடாதீங்க. தோத்துடுவீங்க.”

என் மனதைக் கலைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு முதல் முறையாக வருத்தம் வந்தது அப்போதுதான்.

நான் மட்டும் போட்டிக்குப் போனேன். இரண்டாவது சுற்றில் காம்போ கைக்கு வந்தது. தச்சனை வைத்தேன், காவலாளியை வைத்தேன், “இருபது தடவை” என்றேன். எதிரே இருந்த பெண் நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: “ஓர் ஆட்டத்தில் ஒரு முறை மட்டும்.” பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் நான் வெளியே வந்துவிட்டேன்.

அப்போதே போய்த் திறந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கட்டடத்தின் வாசல்வரை போனேன். ஆனால் தோற்ற முகத்தோடு அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது? அவர் ‘சொன்னேனே’ என்றுகூடச் சொல்லமாட்டார். “விடுங்க சகலை, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று தோளில் தட்டுவார். அதை என்னால் தாங்க முடியாது. மனம் ஒரு நிலைக்கு வரட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். “அவர் போன் போகவே மாட்டேங்குது. உங்ககூடத்தான் இருக்காரா?”

“ஆமாக்கா. ஜெயிச்சுக்கிட்டே இருக்கார். நாளைக்கும் ஆட்டம் இருக்கு, ஹாலுக்குப் பக்கத்துலயே தங்கிட்டார்.”

“மாத்திரை போட்டாரா?”

“போட்டார்.”

அக்கா நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் படியில் நின்று கேட்டேன். உள்ளே தட்டும் சத்தம் இருந்தது. மெதுவாக, விட்டுவிட்டு. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. திரும்பிவிட்டேன். சாயங்காலம் போனபோது சத்தம் இல்லை. அசதியில் கண்ணயர்ந்திருப்பார் என்று நினைத்து சுவிட்சை மேலே தள்ளினேன். லிஃப்ட் ஒழுங்காகக் கீழே வந்து கதவைத் திறந்தது. வேலையில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சுவிட்சை இறக்கியது நான். மாத்திரை எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது திறப்பதற்கு எனக்கு மூன்று சந்தர்ப்பம் இருந்தது. மூன்றிலும் நான் திறக்கவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். பரவாயில்லை, துக்கத்தில் இருக்கிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவருக்குச் சொந்தபந்தம், பிள்ளைகள் என்று நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு புதுக் கார்டைக் காட்டிப் பேச எனக்கு இருந்தது சகலை ஒருவர்தான். இதில் உண்மையான இழப்பு யாருக்கு என்று அக்காவுக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.