ஜெசிந்தாவின் பிளேன் டிக்கெட்

ஷாரோன்: ...அத்த வுடு கலைண்ணா. டிக்கெட்டு காணாப்பூட்டா பிளேன்ல ஏத்துவாங்களா, மாட்டாங்களா?

கலைவாணன்: இத்த கேக்கவா சதுரங்கப்பட்டினத்துலேந்து திருப்போரூருக்கு பஸ் ஏறி வந்த? யாரு டிக்கெட்டு?

ஷாரோன்: எங்க அக்கா ஜெசிந்தாவுது. நாளைக்கி அந்தமான் போறா இல்ல... நீ உன் கடையில பிரிண்ட் போட்டுக் குடுத்த பேப்பரு. காணோம்.

கலைவாணன்: எப்டி காணாப்போவும்?

ஷாரோன்: கடல் காத்துண்ணா... ஜன்னல் வழியா பறந்திருக்கும்.

கலைவாணன்: காத்து பீரோவ தொறந்து எட்த்துகினு போச்சா?

ஷாரோன்: கிண்டல் பண்ணாத. பதில சொல்லு.

கலைவாணன்: ஏத்துவாங்க.

ஷாரோன்: பேப்பர் இல்லாமயா? பஸ்ல டிக்கெட்டத் தொலச்சா செக்கிங்குல புடிக்கிறான்...

கலைவாணன்: இது பஸ்சு இல்லமா. ஒப்பந்தம். இன்னாரை ஏத்திகினு போறேன்னு கம்பெனி ஒத்துக்கினது, அவ பேரோட கம்ப்யூட்டர்ல கீது. உன் கையில இருந்தது வெறும் நகலு.

ஷாரோன்: என் கையிலயா? நான் எங்க...

கலைவாணன்: பேச்சுக்கு சொன்னேன்.

ஷாரோன்: அப்போ... கிழிச்சாகூட ஒண்ணும் ஆவாதா?

கலைவாணன்: பறந்துச்சின்ன.

ஷாரோன்: நானும் பேச்சுக்குதான். அந்த ஒப்பந்தத்த வேற யாருனா முறிக்க முடியுமா?

கலைவாணன்: அவளே வேணாம்னா கேன்சல் பண்ணலாம். கூடப் பொறந்தவ சொன்னா செல்லாது.

ஷாரோன்: அப்ப அவ போயே தீருவா.

கலைவாணன்: இன்னாமா பிரச்சன?

ஷாரோன்: எங்க அண்ணன் சாம் லவ் பண்ணப்போ தூது போனது நானு. அப்பாகிட்ட அடி வாங்கினது நானு. இப்ப அந்தமான்ல அவன் புள்ளைக்கு ஞானஸ்நானம்... ஞானத்தாயா, புள்ளைக்கு இன்னோரு அம்மா மாரி நிக்கறதுக்கு அவளுக்கு மட்டும் டிக்கெட்டு அனுப்பறான். எனக்கு ஒரு போன்கூட இல்ல. வயிறு எரியுதுண்ணா. அவ புதுப் பொடவைய மடிச்சி வெக்கறத பாக்கவே முடியல.

கலைவாணன்: அதான் கிழிச்சிட்ட.

ஷாரோன்: ...துண்டு துண்டா. குப்பக்கூடையில போட்டேன். அது இல்லனா போவ மாட்டானு நெனச்சேன். அவளுக்குத் தெரியாதுண்ணா, சொல்லிடாத.

கலைவாணன்: தெரியும். காலையில நான் கட தொறக்க சொல்ல இங்க நின்னுகினு இருந்தா. கிழிஞ்சத எல்லாம் டேப்பு போட்டு ஒட்டி எட்த்தாந்தா.

ஷாரோன்: வேற பிரிண்ட் கேட்டாளா?

கலைவாணன்: இல்ல. "என் பேர எட்த்துட்டு ஷாரோன் பேரப் போடுண்ணா, அவளே ஞானத்தாயா நிக்கட்டும்"னு கேட்டா. ஆள மாத்த முடியாதுனு எவ்ளோ சொல்லியும் கேக்கல, அழுதுகினே கெஞ்சினா. கெஞ்சினத உன்கிட்ட சொல்லக் கூடாதுனு சத்தியம் வேற வாங்கிகினு போனா.