நீலப்பெட்டியை மண்ணிலிருந்து மீட்ட முனைவர் ரஞ்சிதம் அம்மையாருக்கு

மலையடிவாரத்து ஆய்வுக்கூடத்தின் மாண்பே! நுண்ணோக்கியின் நுனியில் நின்று நுண்ணணுக்களை நாள்தோறும் நலம் விசாரித்த நாயகியே! மின்சாரம் போன பொழுதுகளில் கடிந்து ஒரு பார்வை பார்த்தே குளிர்பெட்டியைக் குளிராக வைத்திருந்த குணக்குன்றே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முகம் சுளிக்காது, ஒரே ஒரு முறை சுளித்து அதையும் உடனே திருத்திக்கொண்டு, பணியாற்றி இன்று ஓய்வுபெறும் முனைவர் ரஞ்சிதம் அம்மையீர்! வணக்கம்.

தங்கள் பெருமையைத் தங்களிடமே சொன்னால், "அது அப்படியில்லை" என்று எழுந்து திருத்துவீர்கள். ஆகவே அவையோரை நோக்கிச் சொல்கிறோம். தாங்கள் மாலையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுகிறோம்.

அவையோரே! முன்வரிசையில் பச்சைப் புடவையில் அமர்ந்திருப்பவர் ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டு மங்கம்மாள். அருகில், கைக்குட்டையால் வாயை மூடியிருப்பவர் அவர் கணவர் சின்னராசு. சாமை விதைத்துப் புளி உலுக்கி வாழ்ந்த அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்தபோது, தம்முடையதில் ஒன்றைக் கொடுத்தவர் மங்கம்மாள். சில ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகுதான் சின்னராசுவின் ரத்தம் விழித்துக்கொண்டு, வந்திருப்பது அயலார் என்று கண்டுபிடித்து, அந்தச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களை உட்புறமாக அரிக்கத் தொடங்கியது.

அம்மையார் இதை அவர்களிடம் விளக்கிச் சொன்னார். மங்கம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்ல சண்ட போட்டா நான் பதில் பேசுவேன் டாக்டரம்மா. வயித்துக்குள்ள போயி சண்ட போட்டா நான் இன்னா பேசறது?"

"நான் ஒண்ணும் பண்லீங்க," என்றார் சின்னராசு. "என் ரத்தந்தான் பண்ணுது."

அம்மையாருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அறிந்த மருந்துகள் அந்தச் சண்டையைத் தணிக்கும், தீர்த்துவைக்கா. "நான் ரிட்டையர் ஆவறதுக்குள்ள வேற ஒரு வழி இருக்கான்னு பாக்கறேன் மங்கம்மா. இருக்குன்னு சொல்லல. பாக்கறேன்னு சொல்றேன்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த வழி இதுதான். குழந்தையின் தொப்புள்கொடியிலுள்ள கூழில் ஸ்டெம் செல்கள் உண்டு. அவை தம்மைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களை உதிர்க்கும். தாக்கப்படும் ரத்தக்குழாய் அணுக்களிடம் அந்தக் குமிழ்களைச் சேர்த்தால், அவை அணுக்களைக் காக்குமா என்பதே கேள்வி.

அதற்குக் கொடி வேண்டும். மங்கம்மாளின் மகள் வடிவுக்கு அவ்வேளை குழந்தை பிறந்தது. கொடியை வீட்டுப் பின்புறம் புதைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். புதைத்ததைக் குழந்தை நடக்கும்வரை தோண்டக் கூடாது. "வேலை முடிஞ்சதும் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறேன்," என்று அம்மையார் வாக்களித்தார். எந்தக் கொடியை வாங்கினாலும் மிச்சத்தைத் திருப்பித் தருவது அன்று முதல் எங்கள் ஆய்வுக்கூடத்தின் சட்டமாயிற்று.

வடிவின் கொடி இரண்டு வேலை செய்தது. அதன் குழாயிலிருந்து ரத்தக்குழாய் அணுக்கள் கிடைத்தன; அவற்றில் பாட்டி மங்கம்மாளின் அடையாளமும் இருந்ததால், சின்னராசுவின் ரத்தம் அவற்றையும் பகையாகவே பார்த்தது. அதன் கூழிலிருந்து ஸ்டெம் செல்கள் கிடைத்தன; அவை மாதக்கணக்கில் உதிர்த்த குமிழ்களை அம்மையார் துளித்துளியாகச் சேர்த்துச் சிறு குப்பிகளில் அடைத்தார். ஓய்வுக்கு முன் ஒரே ஒரு சோதனைக்குத்தான் அவை போதும்.

குப்பிகள் ஒரு நீலப் பனிப்பெட்டியில். கொடியின் மிச்சம் இன்னொரு நீலப் பனிப்பெட்டியில். இரண்டின் மேலும் "வடிவு" என்றே எழுதியிருந்தது. எழுதியவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் இளவழகன். மிச்சத்தை மலைக்கு எடுத்துச் சென்றவரும் அவரே. சோதனை நாள் காலையில் அம்மையார் பெட்டியைத் திறந்தார். உள்ளே குப்பிகள் இல்லை, கொடி இருந்தது.

முகம் சுளித்தது அந்த ஒரு முறைதான்.

"இளவழகன், நேத்து அங்க இன்னா பொதச்சீங்க?"

"பெட்டிய அப்படியே குடுத்துட்டு வந்துட்டேன் மேடம். மரியாதையா பெட்டியோட பொதச்சாங்க. நானும் கும்பிட்டேன்."

கொடியிருந்த பெட்டியோடும் இளவழகனோடும் அம்மையார் அமிர்தி மலைச்சாலை வழியாகச் செல்லும் ஜீப்பில் ஏறினார். ஜீப்பில் ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் ஓட்டுநருக்கே இடமில்லை; அவர் வெளியே தொங்கியபடி சன்னல் வழியாகக் கையை விட்டு ஓட்டினார். மூன்றாம் வளைவில் கரடி ஒன்று குறுக்கே நின்று, அம்மையாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வழிவிட்டது மட்டுமன்றிப் பின்னால் வந்த பேருந்தையும் நிறுத்திவைத்தது. ஐயமுள்ளோர் ஓட்டுநர் சுரேஷைக் கேட்கலாம். அவர் மறுப்பார், தன்னடக்கம் மிகுந்தவர்.

மங்கம்மாள் வீட்டுப் பின்புறப் புளியமரத்தடியில் மண் மேடாக இருந்தது. மேட்டின் மேல் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. பனிக்கட்டி கரைந்தால் குப்பிகளில் இருப்பது வெறுந்தண்ணீர் என்று அம்மையார் சொன்னதும், சின்னராசு குறுக்கே நின்றார்.

"பொதச்சத தோண்டக் கூடாதுங்க. புள்ளைக்கு ஆவாது."

"தோண்டலன்னா தாத்தனுக்கு ஆவாது," என்றார் மங்கம்மாள்.

"எனுக்கு ஆவுலன்னா பரவால்ல. புள்ள நல்லா இருக்கட்டும்."

அம்மையார் வற்புறுத்தவில்லை; வழக்கத்தை மதிப்பதாக வாக்களித்தவர் அவர்தாமே. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார். அப்போது மங்கம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

"யோவ், தள்ளு. புள்ளையோட கொடி டாக்டரம்மா கைல கீது. இங்க கீறது டப்பா. டப்பாவ தோண்டக் கூடாதுன்னு எந்த ஊர்ல சொல்றான்? உனுக்குப் பரவால்லன்னு நீ இன்னா சொல்றது, உள்ள கீறது என்னுது!"

சின்னராசு தள்ளி நின்றார். மார்கழி மண் அத்தனை குளிர். எடுத்த பெட்டி போனபோதைவிடக் கனமாக இருந்ததாகவும், ஜவ்வாது மண்ணே கொஞ்சம் பனிக்கட்டி சேர்த்து அனுப்பியதாகவும் இளவழகன் சாதிக்கிறார். அம்மையார் மூடியைத் திறந்து விரலால் தொட்டார். பனிக்கட்டி பாதி இருந்தது. அதே குழியில் உண்மையான மிச்சத்தைத் தம் கையால் வைத்து, தாமே மண் தள்ளினார்.

சோதனை நடந்தது. சின்னராசுவின் ரத்தம் மட்டும் பட்ட கிண்ணத்தில் ரத்தக்குழாய் அணுக்கள் சுருண்டு கழன்று மிதந்தன. குமிழ்கள் சேர்த்த கிண்ணத்தில் அவை ஒன்றோடொன்று கைகோத்தாற்போல் ஒட்டி நின்றன. எல்லாம் அல்ல, பெரும்பாலானவை. அம்மையார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எங்கள் இளம் ஆய்வாளர் கலைவாணி புதிய குமிழ்களைக் கொண்டு மீண்டும் செய்தார், மீண்டும் நின்றன.

செய்தியைச் சொல்ல அம்மையார் மறுபடி மலையேறினார்.

"அப்ப இது மருந்தா?" என்று கேட்டார் மங்கம்மாள்.

"இல்ல. கிண்ணத்துலதான் நின்னிருக்கு. மனுஷனுக்குக் குடுக்க இன்னும் பல வருஷம் ஆவும். ஆனா வழி இருக்கு மங்கம்மா. அதுவரைக்கும் இவரு மாத்திரைய நிறுத்தாம பத்திரமா இருக்கணும்."

"அவரு பேச்ச வுடுங்க. உள்ள கீறது என் கிட்னி. சொன்ன பேச்சு கேக்கும்."

அம்மையீர்! இனித் தங்களிடமே பேசுகிறோம். தாங்கள் தேடிக் கண்ட வழியில் கலைவாணி நடக்கிறார். சின்னராசுவின் சிறுநீரகம் இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது. வடிவின் பிள்ளை இந்த மேடையின் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது தனியே நடப்பதையும், அதன் தாத்தாவுக்கு அம்மருந்து கிடைப்பதையும், அப்பிள்ளையின் பிள்ளை பள்ளி செல்வதையும் காணுமளவு நலத்தோடும் நகைப்போடும் தாங்கள் வாழ்வீர்களாக! பொன்னாடையோடு, அன்று பெட்டியைத் தோண்டிய இம்மண்வெட்டியையும் ஏற்றருள்க. பிடியில் கட்டியிருக்கும் பட்டு நாடா மங்கம்மாள் கட்டியது, அவிழ்க்கக் கூடாதாம்.

இங்ஙனம்,
இப்போது ஒரு பெட்டியைச் சிவப்பாக்கிவிட்ட
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
கணியம்பாடி.