குதிரை என்ன நிறம்?

– ஒரு சீட்ட உருவுங்கண்ணே. முறைச்சுக்கிட்டே இருந்தா அது தானாத் திரும்பாது.

– நான் பெயிண்டரும்மா. சுவரத் தவிர எதையும் முறைச்சதில்ல. இந்த டாரட் ஜோசியப் படங்களப் பாத்துத்தான் என் சம்சாரம் என்ன விட்டுட்டுப் போகலாம்னு முடிவு பண்ணினாளா?

– போறேன்னு சொன்னாங்களா?

– சொன்னாத்தான் பரவாயில்லையே! மூணு வாரமா முகம் கொடுத்துப் பேசல. போன் வந்தா மொட்டமாடிக்கு ஓடறா. போன செவ்வாக்கிழம இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாளாம், கீழ பியூட்டி பார்லர்ல சொன்னாங்க. என்ன கேட்டா உங்ககிட்ட?

– ஒருத்தர் கேட்டத இன்னொருத்தர்கிட்ட சொன்னா, நாளைக்கு நான் இங்க ஈ ஓட்ட வேண்டியதுதான். உங்களுக்காக எடுங்க.

– இந்தாங்க, எடுத்தாச்சு. அடப்பாவமே! எவன் இவன், ஒத்தக் கால்ல தலைகீழாத் தொங்கறான்?

– தொங்கறவன். பயப்படாதீங்க. மூஞ்சியப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்கான்! பொறுமையா இருந்தா வேற மாதிரி பாக்கலாம்னு அர்த்தம்.

– எட்டாவது மாடியில கயிறு சிக்கி நானும் அரை மணி நேரம் இப்படித் தொங்கியிருக்கேன். நிம்மதியாவா இருந்துச்சு? மேஸ்திரியோட ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி வாழ்த்திக்கிட்டு இருந்தேன். இவன் என்னடான்னா கறுப்புச் சட்டைய மாட்டிக்கிட்டு மாப்பிள்ளையாட்டம் தொங்கறான்.

– நீலச் சட்டைண்ணே.

– கறுப்பும்மா. என்கிட்டயேவா?

– சரி, அடுத்தது.

– இந்தம்மா யாரு, ரெண்டு தூணுக்கு நடுவுல? டிக்கெட் கிழிக்க உக்காந்த மாதிரி?

– பெரிய பூசாரியம்மா. மடியில ஒரு சுருள் இருக்கு பாருங்க, பாதிய அங்கிக்குள்ள மறைச்சிருக்கா. அங்கி நீலம். நீலம்னா ஆழம். மனசுல இருக்கறத வெளிய சொல்லாம வச்சிருக்கறது.

– நீலமாம் நீலம்! சாம்பல்ல கரியக் குழைச்ச மாதிரி இருக்கு. ஆனா சொல்லாம வச்சிருக்கறவன்னீங்களே, அது என் சம்சாரமேதான்.

– மூணாவது எடுங்க.

– எலும்புக்கூடு! குதிர மேல! ஏம்மா, உங்க கட்டுல நல்லதா ஒண்ணுகூட கிடையாதா?

– பேருதான் சாவு. பழசு முடிஞ்சு புதுசு தொடங்குதுன்னு அர்த்தம். பின்னாடி சூரியன் வருது பாருங்க. குதிரை வெள்ளை, அதுக்குக் கள்ளமில்ல.

– வெள்ளையா? முப்பது வருஷமா பிரஷ் பிடிக்கறேன். இது க்ரீம். மஞ்சள் தட்டின க்ரீம். இப்பல்லாம் எவனுக்கும் நிறமே தெரியல. போன வாரம் ஒரு டாக்டர் வீடு. வெள்ள அடிக்கச் சொன்னார். டப்பாவத் திறந்தா க்ரீமா இருக்கு. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு நீலத்த ரெண்டு மடக்கு ஊத்திச் சரிபண்ணி அடிச்சேன். அந்தாளு வந்து, என் வீடு என்ன நீச்சல்குளமான்னு குதிக்கறார். இது நாலாவது வீடு. ஊருக்கே கண்ணு அவிஞ்சுபோச்சும்மா.

– கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க. இது என்ன நிறம்? இப்பத்தான் புதுப் பாக்கெட்டப் பிரிச்சு எடுத்த டிஷ்யூ.

– இதுவும் க்ரீம்தான். என்னம்மா, உங்ககிட்ட எல்லாமே பழசா?

– இப்படி உக்காருங்கண்ணே.

– ஏன்? எனக்கு ஏதும் கண்டமா?

– நான் எப்பவும் செய்யாத வேலை ஒண்ணச் செய்யப்போறேன். உங்க சம்சாரம் கேட்டதச் சொல்லிடறேன்.

– சொல்லுங்க. போகட்டும், போறவள நான் புடிச்சு வைக்கல. எப்பக் கிளம்பறாளாம்?

– அவங்க ஒரு சீட்டக்கூடத் தொடல. ‘எங்க வீட்டுக்காரர் கண்ணுல புரை விழுந்திருக்கு, நிறம் தெரியல, நான் சொன்னா அடிக்க வராத குறையா கத்தறார், உங்களத் திட்ட எப்படியும் இங்க வருவார், நாலு படத்தக் காட்டி அவர் வாயாலயே அவருக்குப் புரிய வையுங்க’ன்னு சொல்லி அழுதாங்க, இப்பவும் உங்க பின்னாலயே வந்து, உங்களுக்குத் தெரியாம போன்லயே நாள் வாங்கி, கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப்போக கீழ வண்டியிலதான் உக்காந்திருக்காங்க.