கடைசி சீட்ல ஒரு அங்கிள்

மணி விடிகாலை மூணே முக்கால். நவம்பர் கடைசி. நியூ ஜெர்சி, எடிசன்ல ஓக் ட்ரீ ரோடு... பகல்ல பார்க்கிங்குக்கு அடிச்சுக்கற ரோடு அது. அந்த நேரத்துல ஈ காக்கா இல்ல. ஆளே இல்லாத ரோட்டுக்கு சிக்னல் மட்டும் செவப்பைக் காமிச்சுட்டு நிக்குது. அதுல நிக்கறது ஒரே ஒரு வேன்.

ஷ்ரேயஸ், அந்த போன் லைட்டை அணைடா. நம்ம ஃபிரிஸ்கோ ஊர் முழுக்க கரண்ட் இல்ல, உன் போன் ஒண்ணுதான் வெளிச்சம் குடுக்கப்போகுதா? எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. அந்தக் கம்பளியை மீனாக்ஷி ஆன்ட்டிக்கும் கொஞ்சம் விடு. இது கட்டுக்கதை இல்ல. எங்க டீம்ல பவதாரணி இருக்கால்ல, அவளோட சித்தப்பா பொண்ணு ரக்ஷாவுக்கு நடந்தது. பவதாரணி எதுக்கெடுத்தாலும் கெக்கெபிக்கென்னு சிரிக்கறவ. இதைச் சொல்றப்போ மட்டும் அவ சிரிக்கல.

வேனை ஓட்டறது ரக்ஷாவோட புருஷன் கிரீஷ். நடு சீட்ல ரக்ஷா. கடைசி சீட்ல அவ அப்பா பிச்சுமணி, விசிட்டர் விசால வந்திருக்கார். வயசு எழுபத்தஞ்சு. மனுஷனுக்கு மறதி ஆரம்பிச்சிருந்துச்சு. காலைல சாப்பிட்டதை மத்தியானம் மறந்துடுவார். ஒருநாள் தபால் எடுக்கப் போனவர் நாலு தெரு தள்ளி நின்னு அழுதுட்டிருந்தாராம். ரக்ஷாவோட அண்ணன் சென்னைல இருந்து, "ஒரு நல்ல ஹோம்ல சேத்துடலாம்"னு சொன்னான். இவ விடல. "என் அப்பா என்கூடத்தான் இருப்பார், நான் பாத்துப்பேன்"னு சண்டை போட்டுத் தன்கிட்டயே வெச்சுக்கிட்டா. ஒரே ஒரு தடவை அவரைத் தொலைச்சாலும் அண்ணன் சொன்னது சரின்னு ஆயிடும். அந்த பயம் அவளுக்கு எப்பவும் இருந்துச்சு.

நம்ம ஆளுங்க அப்பா அம்மா வந்தா என்ன பண்ணுவோம்? ஒரு நயாகரா, ஒரு வாஷிங்டன். அதுவும் ஹோட்டல் எடுக்காம, விடிகாலை புளியோதரை கட்டிட்டுக் கிளம்பி, ராத்திரியே திரும்பறது. அதேதான். கிரீஷோட ஆபீஸ்ல அகிலன்னு ஒருத்தர். அவர், அவர் பொண்டாட்டி நிருஜா, ஏழு வயசுப் பொண்ணு அதிதி. ரெண்டு குடும்பமும் சேந்து ஒரு வேன். நிருஜாவை ரக்ஷா அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

அகிலன் அபார்ட்மென்ட் வாசல்ல வேன் நின்னுச்சு. கிரீஷும் ரக்ஷாவும் இறங்கி, சாப்பாடு வெச்ச கூலர் பெட்டியை ஏத்த உதவி பண்ணாங்க. அப்பா கடைசி சீட்ல அரைத் தூக்கம். அஞ்சு நிமிஷம் இருக்கும்... எல்லாரும் ஏறினாங்க. ரக்ஷா திரும்பிப் பாத்தா, அப்பா பக்கத்துல இன்னொரு பெரியவர். மங்கி கேப், பழுப்புக் கோட்டு. அந்துருண்டை வாசனை... அதோட மழைல நனைஞ்சு காயாத துணி வாசனை. 'அகிலனோட அப்பா ஊர்ல இருந்து வந்திருக்கார்'னு கிரீஷ் எப்பவோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. "வணக்கம் அங்கிள்"னா. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முடிஞ்சுது. அவ்ளோதான் அறிமுகம். நீங்கள்லாம் சொல்லுங்க, ஒரு அங்கிளைப் பாத்து 'நீங்க யாரு'ன்னு கேப்போமா? பேர் கேப்போமா? மாட்டோம். வயசானவரா, நம்ம முகமா, அங்கிள். வேலை முடிஞ்சுது.

டெலவேர் தாண்டி ஒரு ரெஸ்ட் ஏரியால டிபன். நிருஜா தன் பொண்ணுக்கு ஊட்டினா, புருஷனுக்குக் குடுத்தா, அந்தப் பெரியவரைத் திரும்பிக்கூட பாக்கல. ரக்ஷாவுக்கு ஆத்திரமா வந்துச்சு. 'சொந்த மாமனாருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல, என்ன பொண்ணு இவ!' தானே ஒரு தட்டுல இட்லி வெச்சு நீட்டினா. அவர் வாங்கிக்கிட்டார். கிளம்பறப்போ குப்பைத் தொட்டியில பாத்தா... இட்லி வெச்சது வெச்ச மாதிரி இருக்கு. மேல பூத்துப்போன மாதிரி பச்சையா ஒரு பூசணம். அன்னிக்குக் காலைல வேகவெச்ச இட்லி. குளிருக்குக் கண்ணு ஏதோ பண்ணுதுன்னு விட்டுட்டா.

வாஷிங்டன் போய்ச் சேந்தாங்க. கேபிடல் முன்னாடி நின்னு போட்டோ. ஒயிட் ஹவுஸ் வேலிக்கு வெளிய நின்னு போட்டோ. வாஷிங்டன் நினைவுத் தூண்கிட்ட நிமிந்து நிமிந்து கழுத்து வலிக்க ஒரு போட்டோ. எல்லாம் அப்பப்போ குடும்ப வாட்ஸப் குரூப்புக்குப் போகணும், இல்லன்னா போனதாவே ஆகாது. ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுக்க அந்த அங்கிள் கையை நீட்டி போனை வாங்கிப்பார். நல்ல மனுஷன்னு நெனச்சாங்க. எந்தப் போட்டோலயும் அவர் இல்லைங்கறது யாருக்கும் தோணல.

சும்மா சொல்லக்கூடாது, அப்பா அன்னிக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்தார். மாசக்கணக்கா கலகலன்னு பேசாத மனுஷன், "பாப்பா, இந்தத் தூணைப் பாரு, கால்வாசிக்கு மேல கல்லு நிறம் மாறுது. நடுவுல கட்டாம இருபது வருஷத்துக்கு மேல விட்டுட்டாங்களாம், என் பக்கத்துல உக்காந்து வந்த சார் சொன்னார்"னு சின்னப் பையன் மாதிரி ஓடி வந்து சொன்னார். ரக்ஷாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு... ரக்ஷாவோட காது கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கமே போச்சு. அந்தப் பெரியவர் பேசறதெல்லாம் கேள்விதான். மெதுவா, இருமல் கலந்த குரல்ல. நீங்க படிச்ச பள்ளிக்கூடம் எது? சம்சாரம் பேரு என்ன? கல்யாணம் எந்த மண்டபத்துல? வீட்டு நம்பர்? பொண்ணுக்கு என்ன பிடிக்கும்? காய்ச்சல் வந்தா என்ன பண்ணும்? அப்பா எல்லாத்துக்கும் டக் டக்குன்னு பதில் சொல்றார். காலைல சாப்பிட்டது தெரியாது, நாப்பது வருஷத்துக்கு முந்தின மண்டபத்தோட வாடகை தெரியுது. ஒண்ணு கவனிச்சா... ஒரு கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லிட்டா, அப்புறம் அது அப்பாகிட்ட இல்ல. "அம்மாவை எந்த மண்டபத்துலப்பா கட்டிக்கிட்டீங்க?"ன்னு இவ சும்மா கேட்டுப் பாத்தா. அப்பா முழிச்சார்.

'இந்தாளு எதுக்கு இவ்ளோ கேக்கறான்? பாங்க் நம்பர் கேக்கற கும்பலா இருப்பானோ?' சந்தேகம் அரிக்க ஆரம்பிச்சுது. கிரீஷ்கிட்ட சொன்னா. கிரீஷும் அகிலனும் கிரீன் கார்டு பேச்சுல இருந்தாங்க. "வயசானவங்க பேசிக்கறாங்க, விடேன்"னுட்டார்.

நவம்பர்ல அஞ்சு மணிக்கே இருட்டிடும். லிங்கன் மெமோரியல் போறப்போ காத்து ஊசியா குத்துது. படியெல்லாம் வெள்ளை வெளிச்சம், உள்ள லிங்கனோட அந்தப் பெரிய சிலை உக்காந்திருக்கு. படியில முதுகைக் காமிச்சுட்டு ரெண்டு பெரியவங்க. "அப்பா!"ன்னு கூப்பிட்டா ரக்ஷா.

திரும்பினது அந்த அங்கிள்.

அப்பாவோட மப்ளர் அவர் கழுத்துல. அவரோட மங்கி கேப் அப்பா தலையில. "குளிருக்கு மாத்திக்கிட்டோம் பாப்பா"ன்னு அப்பா சிரிக்கறார். ரக்ஷாவுக்கு அது பிடிக்கவே இல்ல. இருந்தாலும் ஊரான் வீட்டுப் பெரியவர் முன்னாடி பிடுங்கவா முடியும்? ரெஸ்ட்ரூம் போயிட்டு வந்து கிளம்பிடணும்னு முடிவு பண்ணிட்டா.

ரெஸ்ட்ரூம் லைன்ல நிருஜா அவளுக்குப் பின்னாடி நின்னா. மெதுவா சொன்னா: "அக்கா, குறை நினைக்காதீங்கோ. உங்கட மாமனாருக்கு ஏதும் சுகமில்லையோ? நாள் முழுக்க நீங்கள் ரெண்டு பேரும் அவரோட கதைக்கவே இல்ல. பாக்கப் பாவமாக் கிடக்கு."

"என் மாமனாரா? அவர் போய்ச் சேந்து பத்து வருஷம் ஆச்சு நிருஜா. அவர் உங்க..."

"எங்கட மாமா போன மாசமே யாழ்ப்பாணம் திரும்பிட்டார் அக்கா."

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. ரக்ஷா லைனை விட்டுட்டு ஓடினா.

படியில யாரும் இல்ல. அந்துருண்டை வாசனை மட்டும் இருக்கு. தூணுக்குப் பின்னாடி பாத்தா, சிலைகிட்ட பாத்தா, கூட்டத்துல ஒவ்வொரு குல்லாவா பிடிச்சுத் திருப்பிப் பாத்தா. இல்ல. கிரீஷும் அகிலனும் கீழ குளத்துப் பக்கம் ஓடினாங்க. 'அண்ணன்கிட்ட என்ன சொல்வேன்... ஐயோ, அப்பா குளிர்ல எங்க நின்னு அழறாரோ...' போனை எடுத்து போலீஸுக்கு அடிச்சா. வயசு, உயரம், கோட்டு நிறம், எல்லாம் சொல்றா. சொல்லி முடிச்சுத் திரும்பினா...

மூணு படி மேல அப்பா. கையைக் கட்டிட்டு, ஆபீசர் ரூம் வாசல்ல நிக்கற மாதிரி பவ்யமா நிக்கறார்.

"நீ போன்ல இருந்தியா பாப்பா, அதான் நின்னேன். சார் கூப்பிடறார். அவர் கூட்டிட்டுப் போறாராம். பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வர முடியாதுன்னு சொல்லிட்டேன். போகட்டுமா?"

"ஒண்ணும் வேணாம்! எங்கயும் போகக்கூடாது! வாங்கப்பா!" கட்டிப்பிடிச்சு அழுதா. அந்தக் குல்லாவைப் பிடுங்கி அங்கயே வீசினா. போலீஸுக்குத் திரும்ப அடிச்சு ஆள் கிடைச்சாச்சுன்னு சொல்லிட்டு, எல்லாரையும் வேன்ல ஏத்தினா. ஒண்ணுக்கு மூணு தடவை தலை எண்ணினா. ஆறு பேர். சரியா ஆறு.

திரும்பி வர்றப்போ கடைசி சீட்ல அப்பா பக்கத்துல அவளே உக்காந்தா. அவர் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. டயர் சத்தம்... அப்பப்போ லாரி ஒண்ணு விருட்டுன்னு தாண்டற சத்தம்... பால்டிமோர் தாண்டினதும் அப்பா வாயைத் தொறந்து குறட்டை விட ஆரம்பிச்சார். ராத்திரி ரெண்டு மணில இருந்து முழிச்சிருக்கறவ, இவளுக்கும் கண்ணு சொருகுது.

வீட்டுல தினமும் என்ன நடக்கும்? இவ லேப்டாப்ல இருப்பா, அப்பா வந்து ஏதோ கேப்பார், என்னன்னே காதுல வாங்காம "சரிப்பா, சரிப்பா"ம்பா. நாம யாரு சொல்லல? நானும்தான் சொல்றேன்.

அரைத் தூக்கத்துல காதுகிட்ட ஒரு குரல்.

"பாப்பா... போகட்டுமா?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. முழிச்சுப் பாத்தா அப்பா தூங்கறார். கை அவ கையிலதான் இருக்கு. மூச்சு சீரா வருது. குறட்டை மட்டும் இல்ல. வேன்ல எல்லாரும் அப்படியே இருக்காங்க. கனவுன்னு நெனச்சு மூச்சு விட்டா. நடு சீட்ல அதிதி மட்டும் தூங்காம, பின்னாடி திரும்பி முட்டி போட்டு உக்காந்து இவளையே பாத்துட்டிருக்கு.

"யூ செட் 'சரிப்பா', ஆன்ட்டி"ன்னுச்சு அந்தக் குழந்தை.

வீடு வந்து சேந்தாங்க. அப்பா தானே இறங்கினார், யாரும் சொல்லாம கராஜ் கதவு தொறக்கற நம்பரை அடிச்சார். காலைல எழுந்து அவரே காபி போட்டுக் குடிச்சார். ரெண்டு வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட மறதிக்கான டெஸ்ட். ஆகஸ்ட்ல முப்பதுக்குப் பதினேழு வாங்கினவர், இப்போ முப்பதுக்கு முப்பது. டாக்டருக்கே நம்ப முடியல. அண்ணன் போன்லயே அழுதுட்டான், "நீதான் ஜெயிச்சே, என்னை மன்னிச்சுடு"ன்னான். கிரீஷ் ஒரு கிலோ மைசூர்பாக் வாங்கிட்டு வந்தார். வீடே கொண்டாடுது.

ரக்ஷா மட்டும் சாப்பிடல. அப்பா பக்கத்துல வந்தா ஒதுங்கிப் போறா. தெரு பேர் மறந்து அழுத அன்னிக்குக்கூட அவளை 'பாப்பா'ன்னுதான் கூப்பிட்டார் அவ அப்பா. அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு தடவைகூட கூப்பிடல. 'ரக்ஷா'ங்கறார். அழகா, அழுத்தம் திருத்தமா.

ஒருநாள் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டுக் கேட்டுட்டா. "அப்பா... அன்னிக்கு வாஷிங்டன்ல உங்ககூட ஒரு பெரியவர் இருந்தாரே. அவர் என்ன ஆனார்?"

பேப்பர் படிச்சுட்டிருந்தவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். லேசா இருமினார்.

"அவரா? அங்கயேதான் இருப்பார் ரக்ஷா. பாவம், ஞாபகம் ஒண்ணும் கிடையாது. படியில உக்காந்து, பொண்ணு வந்து கூட்டிட்டுப் போவான்னு பாத்துட்டே இருப்பார்."