காப்பி அடித்ததை ஒப்புக்கொண்ட கண்காணிப்பாளர் ஜெயசீலி அம்மையாருக்கு

பாலிடெக்னிக்கின் பாதுகாவலரே! பிட்டுக்குப் பிறவிப் பகையே! சட்டைக் கையின் மடிப்பிலும் சாக்ஸின் உள்மடிப்பிலும் ஒளிந்திருந்த சூத்திரங்களையெல்லாம் சூரிய வெளிச்சத்துக்குக் கொணர்ந்த சுடர்விழியே! மேற்குத் தாம்பரத்து மாணவர் குலம் 'பறக்கும் படை' என்று முதுகுக்குப் பின்னால் மட்டுமே போற்றிய ஆய்வகக் கண்காணிப்பாளர் திருமதி ஜெயசீலி அம்மையாரே! வணக்கம்.

மோனை இத்துடன் தீர்ந்தது. எங்களிடம் இருந்த கையிருப்பு அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மடல் தயாராக இருந்தது. 'கடமையில் கருமேகமே, கனிவில் கற்கண்டே' என்று தொடங்கும். போன ஆண்டு டிராயிங் மாஸ்டர் யக்ஞநாராயணன் ஓய்வு பெற்றபோது அதைத்தான் வாசித்தோம். அதற்கு முன் தோட்டக்காரருக்கும் அதுவே. பெயரை மட்டும் மாற்றி வாசித்துவிடுங்கள் என்றார்கள். மாட்டோம் என்றோம். பெயரை மட்டும் மாற்றினால் என்ன கதி ஆகும் என்று இந்த வளாகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் தாங்கள்.

அந்தக் கதையைத்தான் வாசிக்கப்போகிறோம். கதைக்குள் தங்களை 'மேடம்' என்றே குறிப்பிடுவோம். எதிரே பார்த்துத் 'தாங்கள்' என்று சொல்லிக்கொண்டே போனால், பாதியில் எழுந்து வந்து பிழை திருத்துவீர்கள் என்று எங்களுக்குப் பயம். மேடையில் வீற்றிருக்கும் கரஸ்பாண்டன்ட் தயாளன் சார் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் வாசிப்போம்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, கணினி ஆய்வகத்தில் மேடம் ஒரு புது ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு கணினியிலும் வீட்டுக்காரர் லினக்ஸ். அவருடைய மாடிப் போர்ஷனில் குடித்தனம் விண்டோஸ். அதாவது, கணினிக்குள்ளேயே ஒரு மாயக் கணினி. பையன்கள் பென் டிரைவில் கொண்டுவரும் வைரஸ் குடித்தனக்காரரைத்தான் பிடிக்கும், வீட்டுக்காரர் பிழைத்துக்கொள்வார். ஒரு கணினியில் விண்டோஸைச் சீராக அமைத்து, அதையே மற்ற கணினிகளுக்கெல்லாம் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, சனிக்கிழமை முழுவதும் தானே உட்கார்ந்து முடித்தார். கேபிள் வேலை மட்டும் ஆசிப்புடையது.

தம்பி ஆசிப் அப்போது ஒப்பந்தத்தில் இருந்த லேப் டெக்னீஷியன். அஸ்தினாபுரத்தில் வீடு பிடித்தாகிவிட்டது. அடுத்த மாதம் நிக்காஹ். பெண்ணின் அத்தா கேட்டது ஒரே கேள்வி: "வேலை நிலைக்குமா மாப்ள?" நிலைக்கும் என்று ஆசிப் வாக்குக் கொடுத்திருந்தார்.

வகுப்பு தொடங்கியதும் நெட்வொர்க் பேஜார் பண்ண ஆரம்பித்தது. ஒருவன் மட்டும் விண்டோஸைத் திறந்தால் எல்லாம் அருமை. அடுத்தவன் திறந்ததும் முதலாமவனுக்கு அறுந்துபோகும். அவன் மறுபடி தட்டினால் இவனுக்கு அறுந்துபோகும். லாரித் தண்ணீருக்கு நிற்கும் குடங்கள் மாதிரி ஒரே தள்ளுமுள்ளு. தயாளன் சார் வந்து பார்க்கும்போது மட்டும் ஒரே ஒரு கணினி ஓடும், ஜோராக ஓடும். அவர் படியிறங்கினால் படுத்துவிடும்.

"ஆசிப், கேபிள் போட்டது நீதான? மாசக் கடைசியோட முடிச்சிக்கப்பா," என்றார் சார்.

"சார், கேபிள் போயிருந்தா லினக்ஸுக்கும்தான சார் நெட் வராது? அது நல்லாதான இருக்கு."

"எங்கிட்ட டெக்னிக்கலா பேசாத."

மேடம் குறுக்கே வந்தார். "அவசரப்படாதீங்க சார். நான் பாக்கறேன்."

"ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தத் தலைவலி?"

"அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. அது வரைக்கும் லேபும் என்னுது, தலைவலியும் என்னுது."

குடித்தனக்காரருக்குத் தபால் இரண்டு வகையில் வரலாம். வீட்டுக்காரர் வாங்கி மாடிக்குக் கொடுத்தனுப்புவது ஒன்று. தனி வாசல், தனிக் கதவு எண் வைத்து நேராக வாங்கிக்கொள்வது இன்னொன்று. மேடம் அமைத்திருந்தது தனி வாசல். சோதனைக்காக அதை வீட்டுக்காரர் வழிக்கு மாற்றினார். எல்லாருக்கும் நெட் வந்தது.

"இப்பிடியே வுட்டுடலாமா மேடம்?" என்றார் ஆசிப், உயிர் வந்தவராக.

"விட்டா, ஒரு சிஸ்டத்துலேந்து இன்னொண்ண பாக்க முடியாது. பசங்களோட பிராக்டிகலே அதுதான. அதுவும் போக, கேபிள்தான் தப்புன்னு உன் தலையில எழுதி ஃபைல மூடிடுவாங்க. மூட விட மாட்டேன்."

வீட்டுக்காரர் வழியில் வருகிறது, தனி வாசலில் வரவில்லை என்றால், கோளாறு கதவு எண்ணில். மேடம் பழையபடி தனி வாசலுக்கு மாற்றினார். பக்கத்துப் பக்கத்துக் கணினிகள் இரண்டில், விண்டோஸ் தன் விலாசத்தைத் தானே ஒப்பிக்கும் கட்டளையைத் தட்டினார். நெட்வொர்க் அட்டைக்கு அட்டை மாற வேண்டிய பிறவி எண், இரண்டு திரையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது.

மேடம் நிமிர்ந்தார். அடுத்தடுத்த விடைத்தாள்களில் ஒரே பிழையைக் கண்டால் நிமிர்வாரே, அதே நிமிர்வு.

"காப்பி," என்றார்.

"தோ, கொண்டாந்துட்டேன் மேடம்," என்று டம்ளரை நீட்டினார் வாசலில் நின்ற அட்டெண்டர் பொன்னுசாமி.

மேடம் டம்ளரை வாங்கவில்லை. யாரைப் பார்த்து யார் எழுதியது என்று தேடிக்கொண்டிருந்தார். தேடிய இடத்தில் அகப்பட்டவர் அவரேதான். அந்தச் சனிக்கிழமை, ஒவ்வொரு குடித்தனத்தையும் முதன்முதலாகத் திறந்தபோது திரை ஒரு கேள்வி கேட்டது: இதை இங்கே நகர்த்தினீர்களா, காப்பி எடுத்தீர்களா? காப்பி என்றால் புதுப் பிறவி எண் கொடுக்கும். நகர்த்தினேன் என்றால் பழைய எண்ணையே விட்டுவைக்கும். ஆயுளில் காப்பி அடித்தறியாத விரல், அந்தப் பொத்தான் பக்கமே போகக் கூசியது. எல்லாக் கணினியிலும் 'நகர்த்தினேன்' என்றே அழுத்திவிட்டு வந்தது. விளைவு, பெயர்ப்பலகை வேறு வேறாகவும் கதவு எண் ஒன்றாகவும் ஒரு தெரு. தபால்காரர் என்ன செய்வார்? கடைசியாகக் கையசைத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

"செட்டிங் மிஸ்டேக்குன்னு சொல்லிக்கலாம் மேடம். உங்க பேரு எதுக்கு?" என்றார் ஆசிப்.

"பிட்டு தானா வந்து பாக்கெட்ல உக்காந்துச்சு மேடம்னு ஒவ்வொருத்தனும் சொல்லுவான். அத மாதிரி இருக்கு நீ சொல்றது."

கரஸ்பாண்டன்ட் அறைக்குள் மேடம் உட்காராமலேயே பேசினார்.

"காப்பி அடிச்சது நான் சார். அடிச்சிட்டு, அடிக்கலைன்னு வேற சொல்லிட்டேன். இதுக்குத்தான் இத்தினி வருஷமா பசங்க பேப்பரப் புடுங்கி வெளிய அனுப்பிக்கிட்டு இருக்கேன். ஆசிப் பேர அடிச்சிட்டு என் பேர எழுதுங்க. மாசக் கடைசியோட நான் போறேன்."

"என்ன மேடம் நீங்க. ஒரு பட்டன மாத்தி அமுக்கினதுக்கு யாராவது வேலைய விட்டு அனுப்புவாங்களா?"

"அமுக்காதவன அனுப்பலாமா சார்?"

சார் ஆசிப்பின் பெயரை அடித்தார்; மேடத்தின் பெயரை எழுதவில்லை. அதனால்தான், முன்வரிசையில் மனைவி குல்ஷனோடு அமர்ந்து ஆசிப் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் தூசி என்பார். மேடம் தம் கையால் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிய வாசகமும் அங்கேயே இருக்கிறது: 'காப்பி எடுத்தால், எடுத்தேன் என்று சொல்லவும்.'

அம்மையாரே, கதை முடிந்தது; மறுபடி தங்களிடமே வருகிறோம். தாங்கள் பள்ளிக்கரணையில் மகள் பிளஸ்ஸி வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோகிறீர்கள். மகள் வீடுதானே என்று இருந்துவிடாமல் தனி வாசலும் தனிக் கதவு எண்ணும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டு வலி எட்டிப் பார்த்தால் முறைத்தே அனுப்புங்கள். கண் பார்வை கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டியபடியே நூறாண்டு இருங்கள்.

நகர்த்தினீர்களா, காப்பி எடுத்தீர்களா என்ற அதே கேள்வி இன்று எங்கள் முன்னால் வந்து நிற்கிறது. பணி ஓய்வு ஆணை, தங்களை இங்கிருந்து நகர்த்திவிட்டதாகச் சொல்கிறது. அது தப்பான பொத்தான். நாங்கள் அழுத்த மாட்டோம். தங்கள் முறைப்பையும் பிடிவாதத்தையும், தப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் திமிரையும், பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை காலம் எட்டி எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறோம். கையெழுத்து அவ்வளவு நன்றாக வரவில்லை. பிடிபட்டால் பேப்பரைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். அடிக்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

ஆளுக்கொரு கதவு எண்ணோடு,
தங்கள் காப்பிகள்

ஆசிரியர்கள், அலுவலர்கள்
மேற்குத் தாம்பரம், 2009